ஆற்று மணலும் அனுமதிப்பத்திரமும்: திருகோணமலையில் சுற்றாடல் வழக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சேர், ஆத்தைத் தோண்டிக் கொண்டு போறாங்கள், என்ன கேஸ் போடலாம்?"

மூதூர்ப் பக்கமிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வருகிறவர்கள் கதிரையில் உட்காரும் முன்பே கேட்கிற கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கையில என்ன கடதாசி இருக்கு?" அனேகமாக ஒன்றும் இருக்காது. தொலைபேசியில் பத்துப் படம் இருக்கும். அதில் ஏழு, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது.

நான் இரண்டு விதமான வழக்குகள் பார்க்கிறேன். ஆறு, கடல், கிணறு, காடு சம்பந்தப்பட்டவை ஒரு பக்கம். இலஞ்சம், போலி ஆவணம், கணக்கு மோசடி என்று சட்டை கசங்காமல் செய்கிற குற்றங்களில் எதிரிக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக நிற்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆற்றில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறங்குவதற்கு முன்பே எங்கோ ஒரு மேசையில் ஒரு அனுமதிப்பத்திரம் எழுதப்பட்டிருக்கும், அல்லது எழுத வேண்டியது எழுதாமல் விடப்பட்டிருக்கும். அந்த மேசையைத் தேடிப் போகாதவர்களின் வழக்கு பெரும்பாலும் டிரைவருக்குத் தண்டப்பணம் விதிப்பதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் வேறொரு டிரைவர் வருவார்.

மணலை உதாரணமாக வைத்தே எழுதுகிறேன். ஆலைக் கழிவோ கடற்கரை ஹோட்டலோ என்றாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

படி 1: இடத்தை அளந்து, பொறுப்பான அலுவலகத்தைக் கண்டுபிடியுங்கள்

மகாவலி நம் மாவட்டத்தில்தான், கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அந்த ஆற்றில் மணல் எடுக்க 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும். இது பலருக்கும் தெரியும்.

பலரும் கவனிக்காதது முகத்துவாரத்திலிருந்து அந்த இடம் எத்தனை கிலோமீட்டர் என்பதை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சராசரி உயர் நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டரும் சராசரி தாழ் நீர் மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீட்டரும் கரையோர வலயம். ஆறோ களப்போ கடலில் சேருமிடத்தில் அந்த வலயம் உள்நாட்டுப் பக்கம் 2 கிலோமீட்டர் வரை நீள்கிறது. அதற்குள் மணல் எடுப்பதாக இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் பதில் சொல்ல வேண்டும். தொலைபேசி வரைபடத்தில் அளந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காததால் முழு முறைப்பாடும் தவறான அலுவலகத்தில் ஆறு மாதம் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆலைப் புகை, கழிவுநீர், சத்தம் என்றால் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும். சிறிய தொழில்கள் சிலவற்றுக்கு உரிமம் கொடுப்பது பிரதேச சபை அல்லது நகரசபை. கப்பல் எண்ணெய் என்றால் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை. டைனமைட் மீன்பிடிக்குக் கடற்றொழில் திணைக்களம். புறாத்தீவு 2003 இலிருந்து தேசிய பூங்கா, ஆகவே அங்கே வனஜீவராசிகள் திணைக்களம்.

இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டினால், ஒரே கடிதத்தை ஒரே திகதியில் இரண்டுக்கும் அனுப்பி, பிரதி யாருக்குப் போகிறது என்று அடியில் எழுதிவிடுங்கள். கைகாட்டுவது அப்போதே பாதியாகக் குறையும்.

படி 2: கொப்பி போடுங்கள்

எனக்குக் கிடைத்த சாட்சியங்களில் மிகச் சிறந்தது ஒரு தேத்தண்ணிக் கடையின் கடன் கொப்பி. ஆற்றுக்குப் போகிற மண்பாதை அந்தக் கடையைத் தாண்டித்தான் போகும். கடைக்காரர் ஒரு சி.ஆர். கொப்பியில் கடன் எழுதுவார். ட்ரக்டர் ஓட்டம் கூடக்கூட, அதே பக்கங்களில் வண்டி இலக்கத்தையும் நேரத்தையும் எழுதத் தொடங்கினார். பாரத்தோடு போனால் ஒரு கோடு, வெறும் பெட்டி என்றால் ஒரு வட்டம்.

மறுதரப்புச் சட்டத்தரணி எழுந்து, இது வழக்குக்காக ஒரே இருப்பில் எழுதிய கொப்பி என்றார். நான் 14 ஆம் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு ட்ரக்டர் இலக்கங்களுக்கு நடுவே "நானா, 2 பிளேன்டி, 1 பனிஸ்" என்று இருந்தது. நடுவில் பேனை மை முடிந்து பச்சை மையில் மூன்று நாள். ஒரு மூலையில் தேத்தண்ணி வட்டம். பொய்க் கொப்பி எழுதுகிறவன் யாரும் கடன்காரனின் பனிஸைக் கணக்கில் சேர்க்கமாட்டான்.

ஆகவே பொலிஸ் பாணியில் அறிக்கை எழுதத் தேவையில்லை. திகதி, நேரம், வண்டி இலக்கம், என்ன கண்டீர்கள், யார் கூட நின்றார்கள். அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது, ஆனால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதக்கூடாது.

படமும் வீடியோவும் எடுத்த தொலைபேசியிலேயே மூலக்கோப்பு இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த நேரம், இடம் பற்றிய விபரங்கள் கழன்றுவிடும். இப்படியான பதிவுகளைச் சாட்சியமாக்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியச் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடம் தருகிறது. அதற்கு விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன் மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். தவணைக்கு முதல் நாள் பென்டிரைவோடு வந்து நிற்பவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான்.

கிணற்று நீர் பழுதானால் நீங்களே சோடாப் போத்தலில் அள்ளி ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அல்லது மத்திய சுற்றாடல் அதிகார சபை உத்தியோகத்தர் வந்து, சாட்சி முன்னால் எடுத்து, முத்திரை வைக்கட்டும். போத்தல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைத்தான் நீதிமன்றத்தில் முதலில் கேட்பார்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் கிட்டப் போகவே வேண்டாம். இரவில் தனியே டிப்பரை மறித்து வீடியோ எடுப்பது வீரமில்லை.

படி 3: தகவலறியும் உரிமையைப் பாவியுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு 2 மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "சட்டவிரோத மணல் அகழ்வு பற்றிய விபரம் தரவும்" என்று கேட்டால் "எம்மிடம் அவ்வாறான விபரம் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். கேட்க வேண்டியவை: இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவில், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை வழங்கப்பட்ட ஒவ்வொரு உரிமத்தின் பிரதி. ஒவ்வொன்றிலும் அனுமதித்த கியூப் அளவும் எல்லைப் புள்ளிகளும். அந்தக் காலத்தில் கட்டிய ரோயல்டிப் (எடுக்கும் மணலுக்கு அரசுக்குக் கட்டும் கட்டணம்) பற்றுச்சீட்டுகள். கள ஆய்வு அறிக்கைகள். பிரதேச செயலகத்தின் சிபாரிசுக் கடிதம்.

பிரதிகள் வந்ததும் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, உரிமத்தில் மாதம் 100 கியூப் என்று இருக்கிறது. ஒரு கியூப் 100 கன அடி, ட்ரக்டர் பெட்டி ஒன்றில் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். கொப்பியில் ஒரு நாளைக்கு 22 பெட்டி. ஐந்தாம் நாள் மாலையே 110 ஆகிவிட்டது. மாதத்தின் மிச்ச நாட்களில் ஓடியது எந்தப் பத்திரத்தில்?

கோப்பின் நிறம் மாறுவது இந்த இடத்தில்தான். கட்டிய ரோயல்டி 100 கியூபுக்கு, எடுத்தது பல மடங்கு என்றால் பொய்க் கணக்கு என்ற கேள்வி எழுகிறது. கள ஆய்வு அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அந்தத் திகதியில் லீவில் இருந்தார் என்றால் போலி ஆவணம். தெரிந்தே கண்ணை மூடினார், அதற்கு ஏதோ வாங்கினார் என்று காட்ட முடிந்தால் இலஞ்சம். "மணல் கேஸ்" என்று வந்தது இப்போது நிதிக்குற்றக் கோப்பு.

படி 4: முறைப்பாட்டை எழுத்தில், உங்கள் மொழியில் கொடுங்கள்

பொலிஸில் என்ட்ரி போட்டால் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவின்படி அதை உங்களுக்கு விளங்குகிற மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. "சும்மா சைன் பண்ணுங்கோ ஐயா, பிறகு பாக்கலாம்" என்பதற்கு மட்டும் சரி சொல்லாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவரின் வாக்குமூலத்தில் "இரண்டு ட்ரக்டர் கண்டேன்" என்பது "இரண்டு ட்ரக்டர் எனக்குச் சொந்தம்" என்று பதிவாகியிருந்தது. வேண்டுமென்றே எழுதினார்களோ மொழிக் கோளாறோ, அதைச் சரிசெய்ய எட்டு மாதம் போயிற்று.

இலஞ்சம் என்று உறுதியாகத் தெரிந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த ஆண்டு செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் துறை இலஞ்சமும் இப்போது அதற்குள் வருகிறது. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டும் குற்றம் என்பதால், கேட்கிறார் என்றால் கொடுக்க முன் முறையிடுங்கள். தெரிந்தே பொய்க் குற்றச்சாட்டுக் கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம். எனவே கண்டது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் தனித்தனிப் பந்தியில் எழுதுங்கள். கோபத்தில் ஜி.எஸ். (கிராம உத்தியோகத்தர்) முதல் அமைச்சர் வரை எல்லாரையும் ஒரே வசனத்தில் "கள்ளன்கள்" என்று எழுதிய முறைப்பாடு ஒன்றும் சாதித்ததில்லை.

படி 5: எந்த நீதிமன்றம்?

நீதவான் நீதிமன்றத்தைப் பலர் குறைத்து மதிக்கிறார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லையை நீக்கும்படி நீதவான் நிபந்தனை உத்தரவு போடலாம். அவசரம் என்றால் 106 ஆம் பிரிவில் உடனடி உத்தரவுக்கும் வழியுண்டு, ஆனால் அது 14 நாட்களுக்குத்தான் நிற்கும். குப்பை, துர்நாற்றம், வாய்க்கால் அடைப்பு போன்றவற்றுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. கோட்டை வாசல் மான்கள் பொலித்தீனைச் சப்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 98 ஆம் பிரிவு ஞாபகம் வரும். கேட்க யாராவது முன்வர வேண்டும், அவ்வளவுதான். பொலிஸ் அசையாவிட்டால் 136 ஆம் பிரிவின் கீழ் தனியாள் பிராதும் போடலாம்.

ஒரு அதிகாரி சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, அல்லது செய்யக்கூடாததைச் செய்தார் என்றால் எழுத்தாணை (ரிட்), அதாவது அதைச் செய்யும்படியோ நிறுத்தும்படியோ நீதிமன்றம் அவருக்கு இடும் கட்டளை. அது மேன்முறையீட்டு நீதிமன்றத்தில். விடயம் மாகாண அதிகாரத்துக்குள் வந்தால் திருகோணமலையிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்திலேயே கேட்கலாம்.

அடிப்படை உரிமை மனு கொழும்பில், உயர் நீதிமன்றத்தில். இரவு மெயிலில் ஏறி விடியப் புதுக்கடைக்கு (கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்குமிடம்) போய் இறங்கும் முன் திகதியை எண்ணுங்கள். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி உரிமை மீறல் நடந்து ஒரு மாதம்தான். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. தகவலறியும் விண்ணப்பத்துக்குப் பதில் வர 14 வேலை நாட்கள், அதாவது கிட்டத்தட்ட மூன்று வாரம். கடதாசி வரட்டும் என்று காத்திருந்தால் மாதம் ஓடிவிடும். இதனால், அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்திலும் முறைப்பாடு போட்டுவிடுங்கள். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி ஆணைக்குழு விசாரித்துக்கொண்டிருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டவும் வேண்டும். அழைப்புக் கடிதம் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

இந்த மனு அரச செயலுக்கு எதிரானது. தனியார் நிறுவனத்தை மட்டும் எதிராளியாக்கிப் போட முடியாது. ஆனால் அரச நிறுவனங்கள் கண்டும் காணாமலிருந்ததோடு சேர்த்து வழக்காடினால் நிறுவனமும் மாட்டும். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் கழிவெண்ணெய் கலந்த வழக்கு 2015 இல் தாக்கலானது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டை வைத்துத் தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மனுதாரர் கிணறு பழுதான வீட்டுக்காரர் அல்ல, பொதுநலனுக்காக வந்தவர்.

நம் சம்பூரையும் மறக்க வேண்டாம். 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு எதிரான வழக்கில், 2016 செப்டெம்பரில், அரசு அந்தத் திட்டத்தை முன்னெடுக்காது என்று சட்டமா அதிபர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. இப்படியான பெரிய திட்டம் என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மும்மொழிப் பத்திரிகைகளிலும் வர்த்தமானியிலும் அறிவிக்கப்படும். கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள். அந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம், பிறகு வழக்கில் இருபது பக்க மனுவுக்குச் சமம்.

படி 6: சட்டத்தரணியைத் தேர்ந்தெடுத்தல்

இலங்கையில் "சுற்றாடல் சட்டத்தரணி" என்று தனிச் சான்றிதழ் கிடையாது. காலையில் காணி வழக்குப் பேசியவரே மத்தியானம் பிணை கேட்பார். ஆகவே பெயர்ப்பலகையைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு முன் எழுத்தாணையோ அடிப்படை உரிமை மனுவோ செய்திருக்கிறீர்களா? கொழும்பில் யாரோடு சேர்ந்து செய்வீர்கள்? இந்த மணல் முதலாளிக்கு எப்போதாவது ஆஜராகியிருக்கிறீர்களா?

மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சின்ன ஊர். நானும் இரண்டு தடவை "மன்னிக்க வேண்டும், மறுபக்கம் என் கட்சிக்காரர்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். கட்டணத்தைத் தவணைக்கு இவ்வளவு என்பதா முழு வழக்குக்கா என்று முதலிலேயே பேசி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம்.

படி 7: கூப்பிடப்பட்டவர் நீங்களாக இருந்தால்

இதை வாசிப்பவர்களில் ஒப்பந்தக்காரரும் இருப்பார், கையெழுத்துப் போட்ட உத்தியோகத்தரும் இருப்பார். அவர்களுக்கும் சட்டத்தரணி வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் வேலை, ஒன்றும் செய்யாமலிருப்பது. பழைய திகதியில் கடிதம் எழுதுவது, கோப்பிலிருந்து ஒரு தாளை உருவுவது, கீழே வேலை செய்யும் தம்பிக்கு "நீ இப்பிடிச் சொல்லு" என்று கோல் எடுப்பது: நான் பார்த்த வழக்குகளில் முதல் குற்றத்தைவிட இவைதான் ஆட்களை உள்ளே அனுப்பின.

வாக்குமூலத்துக்குப் போகும்போது சட்டத்தரணியோடு போங்கள். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி ஆஜராகலாம் என்று 2012 இல் விதிகளே வந்திருக்கின்றன. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்றில்லை. பிறகு நீதிமன்றத்தில் மாற்றிப் பேசினால் அந்த வாக்குமூலத்தை எடுத்து முரண்பாடு காட்டுவார்கள். கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும்.

பிணை விடயத்தில் ஒரு சட்டம் எல்லாரையும் அதிரவைக்கும். 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்களுக்கு எதிரான குற்றங்கள் சட்டம். பெறுமதி 25,000 ரூபாயைத் தாண்டுகிறது என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ சான்றிதழ் கொடுத்தால், வழக்கு முடியும்வரை விளக்கமறியல்தான். விதிவிலக்கான காரணம் காட்டினால் மட்டும் நீதவான் பிணை தரலாம். இன்றைய விலைக்கு 25,000 என்பது ஒன்றுமேயில்லை. 1997 ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தில் முன்பிணை இருக்கிறதே என்று ஓடி வருவார்கள். பிணை பற்றித் தனியே ஏற்பாடு செய்துள்ள சட்டங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எனவே எந்தச் சட்டத்தின் கீழ் பி அறிக்கை (பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) வந்திருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் நான் குடும்பத்தாரிடம் வாய் திறப்பேன்.

"நான் சைன் மட்டும் போடுற டைரக்டர், ஒண்டும் தெரியாது" என்பது எதிர்வாதமாகாது. கம்பனி செய்த குற்றத்துக்குப் பணிப்பாளரும் பொறுப்பு என்று பல சட்டங்கள் சொல்கின்றன. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்கத் தன்னாலான கவனம் எடுத்தேன் என்று காட்ட வேண்டியவர் அவர்தான். அதைக் காட்டுவதற்கும் கடதாசிதான் வேண்டும்: அனுப்பிய மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு, நிறுத்தச் சொன்ன கடிதம்.

படி 8: உத்தரவு வந்த பிறகு

சான்றுப்படுத்திய பிரதி குறைந்தது ஐந்து எடுங்கள். பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு ஒன்று, பிரதேச செயலாளருக்கு ஒன்று, உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு ஒன்று. மூன்றையும் பதிவுத்தபாலில் அனுப்பி, துண்டுகளை நான்காவது பிரதியோடு குத்தி உங்கள் வீட்டில் வையுங்கள். மாரியில் ஆறு நிரம்பி ஓடும்போது யாரும் வரமாட்டார்கள். சித்திரைக்குப் பிறகு தண்ணீர் வற்றி மணல்திட்டு தெரியத் தொடங்கும்போது பாதையில் டயர் தடம் விழும். ஐந்தாவது பிரதியை அந்தத் தேத்தண்ணிக் கடையில் கொடுத்து வையுங்கள், புதுக் கொப்பி ஒன்றோடு.